சென்னப்பன் முகடு ஏறிய வரலாறு

சித்திரை மாதத்தில், வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லாத ஒரு பிற்பகலில், சென்னப்பனின் உச்சந்தலையில் முதல் சொட்டு விழுந்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: சென்னப்பன், அவர் மனைவி குள்ளம்மாள், மகள் வெண்மதி, கம்பைநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்த மதியழகன், அவர் மனைவி மணிமேகலை, மாப்பிள்ளைப் பையன் இளம்பரிதி, இவர்களை அழைத்துவந்த தரகர் கருப்பண்ணன். வேறு யாரும் இல்லை. நானும் கண்ணால் பார்த்தேன் என்று பின்னாளில் சொல்லித் திரிந்தவர்கள் மொரப்பூர் வட்டாரத்தில் ஒரு பேருந்து நிறைய இருக்கிறார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்த நேரத்தில் சென்னப்பன் வீட்டுப் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். "எங்கப்பா போயி இருவது வருசமாச்சுங்க. இந்த வூடு இன்னி வரைக்கும் ஒரு சொட்டு ஒழுவுனதில்லைங்க" என்று அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் அது விழுந்தது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஓடு எதுவும் விலகியிருக்கவில்லை. வெளியே அடித்த வெயிலில் கோழிகள்கூட வண்டிக்கு அடியில் படுத்திருந்தன. இரண்டாவது சொட்டு மூக்கின் மேல் விழுந்தது. சென்னப்பன் முதுகை வளைக்காமல், துண்டையும் எடுக்காமல், வேர்வை என்றார். மதியழகன் மரியாதை தெரிந்தவர்.

"வேர்வைதானுங்க. இருந்தாலும் ஓட்டை ஒரு நடை பாத்துருங்க. உங்கப்பா முகட்டுல உக்காந்து ஓடு மாத்த வெச்சதை நான் சின்னப் பையனா இருக்கறப்ப பாத்திருக்கேன். சிங்கமாட்டம் உக்காந்திருப்பாரு. நீங்க உக்கார்ற அன்னிக்கே நிச்சயத்தையும் வெச்சுக்கலாமுங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள முடிஞ்சாச் சரி, இல்லாட்டி பையனுக்கு வேற எடமும் பாத்து வெச்சிருக்காங்க."

இதில் ஒரு விளக்கம் தேவை. அந்தக் குடும்பத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றும்போது குடும்பத் தலைவர் முகட்டில் போய் உட்கார வேண்டும். வேலை செய்பவர் அவருக்குக் கீழே நின்றுதான் வேலை செய்வார். தலைவரின் தலைக்கு மேல் இன்னொருவர் கால் போகக்கூடாது. பெற்ற பிள்ளையானாலும் சரி, கோயில் பூசாரியானாலும் சரி. விமானம் போகிறதே என்று ஒருவர் குறும்பாகக் கேட்டதற்கு, அதில் இருப்பவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நிற்கவில்லை என்று சென்னப்பன் பதில் சொன்னார்.

ஆனால் சென்னப்பனுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது. சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாததைப் போல. பயம் என்று சொல்வது தவறு. அந்தக் குடும்பத்தில் பயந்தவர் எவரும் பிறந்ததில்லை. முக்காலியில் ஏறிப் பல்பு மாட்டும்போது அவர் மயங்கி விழுந்தது பல்பின் கோளாறு. வழக்கத்தை விடவும் முடியாது, மேலே ஏறவும் ஆகாது என்பதால், அப்பா இறந்த மறு வருடமே, இந்த வீட்டுக்கு ஓடு மாற்றும் வேலை இனித் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார். வீடும் ஒழுகவில்லை. ஆகவே அவர் சொன்னது சரிதான் என்று ஊரும் ஒத்துக்கொண்டது.

பெண் பார்த்துப் போன மறுநாளிலிருந்து சொட்டு அவரை விடவில்லை. கூடத்தில் இடம் மாறி உட்கார்ந்தால் அதுவும் மாறியது. குடை பிடித்தால் குடைக்குள் விழுந்தது. சலூனில் விழுந்தபோது சவரம் செய்தவர் தன்மேல் பழி வராமலிருக்கக் காசு வாங்காமல் அனுப்பினார். ஏரியூரில் புதிதாக மாடி வீடு கட்டிய பங்காளி ஒருவர் விருந்துக்கு அழைத்தார். சாப்பாட்டில் கைவைத்ததும் கான்கிரீட் தளத்திலிருந்து சென்னப்பன் தலையில் சொட்டியது. பங்காளி இலையை விட்டு எழுந்துபோய் மேஸ்திரிக்கு போன் செய்து அழுதார். சேலத்துத் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று மொரப்பூரில் ரயில் ஏறினால், பொம்மிடி தாண்டியதும் சொட்டியது. மேல் படுக்கையில் இருந்தவர் பாட்டிலை மூடவில்லை என்று பெட்டியே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மேல் படுக்கையில் யாரும் இல்லை என்பது சேலத்தில்தான் தெரிந்தது. அவர் அடுத்த வண்டியில் திரும்பினார்.

குள்ளம்மாள் ஒருநாள் அவர் தலையை முகர்ந்து பார்த்தாள். "ஏனுங்க, இது மழைத் தண்ணி இல்ல. நம்ம சமையக்கட்டுப் பொகை நாத்தம் அடிக்குது. நம்ம ஓட்டுத் தண்ணி. கூரை உங்களக் கூப்புடுது."

"கூப்புடுதா? அதுக்கு வாயில்லையா?"

"வாயி இருந்தா ஊருக்கே கேக்கும். மானத்தோட கூப்புடுதுன்னு நெனைச்சுக்குங்க."

வெண்மதி தர்மபுரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இதற்குமுன் வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்றவள், இளம்பரிதியை மட்டும் சரி என்றிருந்தாள். ஆனி பாதி போனபிறகும் அவள் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போது அப்பாவின் தட்டில் சொட்டு விழாமலிருக்க ஒரு கிண்ணத்தை அவர் தலைமேல் பிடித்துக்கொண்டு, மறுகையால் விடைத்தாள் திருத்தினாள். நாலாவது நாள் அவள் கிண்ணத்தை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு இடக்கையால் மதிப்பெண் போடுவதைச் சென்னப்பன் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு, கம்பைநல்லூருக்கு நாள் சொல்லிவிட்டு, அமல்தாஸுக்கு ஆள் அனுப்பினார். அமல்தாஸ் ஓடு, ஷீட்டு, கூலிங் பெயிண்ட் எதுவானாலும் செய்பவர், வாயும் ஓயாது.

"ஏணி வெச்சிருக்கேன் மாமா. முன்னால நீங்க போறீங்களா, இல்ல மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுப் போறீங்களா?"

"மூங்கிலக் கெட்டியாப் புடி. பேச்ச வுட்டுடு."

சென்னப்பன் ஏறிய விதம் பற்றிப் பல கதைகள் உண்டு. நடந்தது இதுதான். அவர் இளவயதில் கிணற்றில் இறங்குவதில் பெயர் பெற்றவர். ஆழம் அவருக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும். ஆகவே கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிணற்றுக்குள் இறங்குவதாக நினைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். நாலு படிக்கு ஒருதரம், "இன்னும் தண்ணி தட்டுப்படல" என்று குரல் கொடுத்தார். கீழிருந்து குள்ளம்மாள், "இன்னும் போங்க, இன்னும் ஆழத்துல இருக்குது" என்றாள். முகட்டில் உட்கார்ந்து கண்ணைத் திறந்த நொடியில் சொட்டு நின்றது.

அமல்தாஸ் அவருக்குக் கீழே வேலையைத் தொடங்கினார். சிறிது நேரத்தில் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மாமா, யாரோ வருசா வருசம் ஓடு மாத்திருக்காங்க. அங்கங்க புதுச் செவப்பு தெரியுது பாருங்க. சுத்தமான கை."

சென்னப்பன் பார்த்தார். முகட்டு ஓட்டின் இடுக்கில், அவர் தொடைக்கு அருகில், நீல நிற ஹேர் கிளிப் ஒன்று சிக்கியிருந்தது. பக்கத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஓடு பாசி இல்லாமல் தேய்ந்திருந்தது.

"வெண்மதி! இங்க யாரு ஏறுனது?"

"பூனைப்பா" என்றாள் அவள், வாசலில் நின்று.

"பூனை கிளிப்பு போடுமா?"

"பொம்பளப் பூனைப்பா. நீங்க சந்தைக்குப் போற அன்னிக்கு மட்டும் வரும்."

"பூனைக்கு ஏணி புடிச்சது நாந்தானுங்க" என்றாள் குள்ளம்மாள். இனி மறைத்து ஆவதென்ன என்று அவளுக்கும் தோன்றிவிட்டது.

சென்னப்பன் கிளிப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பூனை இன்னும் கொஞ்ச நாளில் கம்பைநல்லூருக்குப் போய்விடும். அது கூரைக்கு அன்றைக்கே, பெண் பார்க்க வந்தவர்கள் காலை மடித்து உட்கார்ந்ததுமே, தெரிந்திருக்கிறது.

மதியம் மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்தார்கள். வேலை முடிந்திருந்தது. அமல்தாஸ் இறங்கிவிட்டார். சென்னப்பன் இறங்கவில்லை. கிணற்றில் இறங்கியவர் வெளியே வர ஏறித்தான் ஆகவேண்டும். ஏறுவதுதான் அவருக்கு ஒத்துக்கொள்ளாதே. ஆகவே நிச்சயம் அப்படியே நடந்தது. வெற்றிலை பாக்குத் தட்டைக் கூடையில் வைத்துக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். மதியழகன் அண்ணாந்து நின்று, "தட்டை மாத்திக்கலாமா சம்பந்தி?" என்று கத்தினார். "உங்கப்பாவ அப்படியே உரிச்சு வெச்சிருக்கீங்க" என்றும் சொன்னார். அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் இப்படியொரு சம்பந்தி கிடைத்ததில் அவருக்கு நிறைவுதான். கேசரி சாப்பிட்டு முடிந்தபின்னும் மாமனார் இறங்காததைப் பார்த்து, இளம்பரிதி யாரையும் கேட்காமல் போன் போட்டான். சிவப்பு வண்டி வந்து, இரும்பு ஏணியை நீட்டியது.

"தம்பி, அதை மடிங்க. எந்தலைக்கு மேல போவுது" என்றார் சென்னப்பன்.

பொழுது சாயும்போது எல்லோரும் போய்விட்டார்கள். வாசலில் வெண்மதி மட்டும் நின்றிருந்தாள். சென்னப்பன் முகட்டு ஓட்டை உள்ளங்கையால், கறவைமாட்டைத் தட்டுவது போலத் தட்டினார். "அவ போறா. இனி வருசா வருசம் நானே வரேன்" என்றார். அது மகளுக்கும் கேட்டது.

கூரைச் சட்டங்கள் முனகின. கிழக்குப் பக்கத்துக் கூரை, தண்ணீர் குடித்த எருமை படுப்பதுபோல முன்னங்காலை மடித்து, தாழ்ந்த விளிம்பான இறவாணத்தைத் தரையில் வைத்தது. சென்னப்பன் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் போல இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கூரை எழுந்து பழையபடி சுவர்மேல் உட்கார்ந்தது. ஓடு ஒன்றுகூட நகரவில்லை. இறவாணத்தில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி எழுந்திருக்கவும் இல்லை.

வெண்மதிக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது. இப்போது கைக்குழந்தை இருக்கிறது. ஒவ்வொரு சித்திரையிலும் கூரை மண்டியிடுகிறது, சென்னப்பன் ஏறிக்கொள்கிறார், அது எழுந்துகொள்கிறது. அமல்தாஸ் அந்த வீட்டுக்கு ஏணி கொண்டுவருவதை விட்டுவிட்டார். அந்த நேரத்தில் மட்டும் வாசலில் மிளகாய் காயப்போட வேண்டாம் என்று குள்ளம்மாள் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

நிச்சயத்தன்று சென்னப்பனைத் தீயணைப்பு வண்டி வந்துதான் இறக்கியது என்று கம்பைநல்லூரில் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். வண்டி வந்தது உண்மை. வந்தவர்கள் ஏணியை மடித்துவிட்டு, கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவரை இறக்கிவிட்டது கூரைதான்.