விரல் இறுக்கம்

தெருவில் அவருக்குப் பெயர் நட்டு மாமா. முப்பத்தொரு வருஷம் பம்பு செய்யும் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, காயலான் கடைக்குப் போக இருந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து வீட்டுப் பின்னறையில் இறக்கிவிட்டார். வலது காலால் கியர் போடுகிற வண்டி. அவரைவிட இரண்டு வயது மூத்தது. "இந்த வயசுல எனக்கொரு சக்களத்தி கேக்குதா இவருக்கு?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று வருஷம் உழைத்தார். எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி பூட்டினார். துரு தின்ற டேங்கைச் சுரண்டிக் கொடுத்தார். மனைவியின் தம்பி போர்டு எழுதும் பெயிண்டர். அவன் அதற்குக் கறுப்பு அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் தங்கக் கோடு இழுத்தான். கூலி என்று பேச்செடுத்தால் கோபம் வந்துவிடும் அவனுக்கு. "முதல் ரவுண்டு எனக்கு மாமா, அவ்வளவுதான்" என்பான்.

வேலையில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஸ்பேனர் போடாமல் கையால் மட்டும் திருகி வைத்த நட்டுக்கு விரல் இறுக்கம் என்று பெயர். பார்க்க முழுசாகத்தான் இருக்கும், ஓட்டினால் கழன்றுவிடும். அப்படி ஒரு நட்டாவது இருந்தால் ஹேண்டில்பாரில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். இதற்கென்றே கிழித்து வைத்த சிவப்புத் துண்டுகள் நாலைந்து பின்னறையில் எப்போதும் கிடக்கும். துணி அவிழும்வரை யாரும் வண்டியைத் தொடக்கூடாது. ஒருமுறை துணி கட்டிய வண்டியில் பெயிண்டர் சும்மா ஏறி உட்கார்ந்ததற்கே அவனைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டார். அதிலிருந்து சிவப்பைக் கண்டால் அவன் பத்தடி தள்ளித்தான் நிற்பான்.

அன்று காலை முன்சக்கரத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். அச்சு நட்டுக்கு அடியில் போடும் வாஷர் விரிசல் விட்டிருந்தது. புதியதற்குச் சொல்லி ஐந்து வாரம் ஆகியும் வந்தபாடில்லை. நட்டை விரலால் திருகி வைத்துவிட்டுச் சிவப்புத் துணியைக் கையில் எடுத்தார். அந்நேரம் பார்த்து ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரரின் போன். "மாமா, உங்க வாஷர் வந்துருச்சு. நான் வெளியூர் கிளம்பறேன், பத்து நிமிஷத்துல வந்தா வாங்கிக்கலாம்." ஐந்து வாரம் காத்துக் கிடந்த மனுஷர்! சின்னப்பிள்ளை மாதிரி துள்ளி எழுந்தார். சட்டையை மாட்டினார். கையிலிருந்த துணி சட்டைப் பைக்குள் போனது அவருக்கே தெரியாது. ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அவர் போன கொஞ்ச நேரத்தில் பெயிண்டர் வந்திருக்கிறான். வண்டி முழுசாக நின்றதைப் பார்த்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதும் கேட்டிருக்கிறான், பாவம். "அக்கா, மாமா சிவப்பு எதுவும் கட்டலையே?"

"இல்லடா. போயிட்டு சீக்கிரம் வா, சாப்பிடலாம்."

பாலத்து இறக்கத்தில் சக்கரம் கழன்றது. எதிரே லாரி வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உலுக்கினாள். "ஏங்க, நீங்க போனதும் பின்னறையில கிடந்த அழுக்குத் துணியெல்லாம் வாரி ஊறப் போட்டேங்க. அதுல சிவப்பும் இருந்துச்சு. கீழ கிடந்து எடுத்தேனா, ஹேண்டில்ல இருந்து அவுத்தேனா, ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நான்தான் அவுத்துட்டேனா? பாவி, நானே போடான்னு அனுப்பி வச்சேனே!"

சட்டைப் பைக்குள் கைவிட்டவருக்கு விரலில் துணி தட்டுப்பட்டது. சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தவர், சுற்றி நின்ற சொந்தக்காரர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கோழை! கழிப்பறைக்குப் போகிற சாக்கில் போய், அங்கிருந்த குப்பைத்தொட்டியில் துணியைப் போட்டார். திரும்பி வந்து, ஒன்றும் தெரியாதவர் போல மனைவியின் தோளைத் தாங்கிக்கொண்டார்.

பெயிண்டர் போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஓடியது. அவன் மனைவி இருப்பது அடுத்த தெருதான். நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்; அதுவரை இருவரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருந்தவர்கள். இப்போது நாத்தனாரின் தலையைக் கண்டாலே கதவைச் சாத்தினாள். "என் குடியைக் கெடுத்தது அண்ணிதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மனைவி துணி துவைப்பதை நிறுத்திவிட்டாள். ஒரு கைக்குட்டையைக்கூடத் தொடுவதில்லை. பாதி ஆளாகிப் போனாள். ஒரு மத்தியானம் அவள் தலையணை உறையை மாற்றப் போனவர், உள்ளே ஒரு காகிதப் பொட்டலத்தைக் கண்டார். தினம் ஒன்று போடச் சொல்லி டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரைகள். ஒன்றுகூட விழுங்காமல் சேர்த்து வைத்திருந்தாள்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"இங்க பாரு. நீ அவுக்கல. நான் கட்டவே இல்ல. கட்டறதுக்குள்ள போன் வந்துருச்சு. துணி என் பையிலதான் இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அந்தத் துணி இப்ப எங்க?"

"ஆஸ்பத்திரி குப்பைத்தொட்டியில போட்டுட்டேன்."

நாற்பது நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். "ஒரு நட்டுக்குக்கூட நீங்க கட்டாம விட்டதில்ல. அன்னைக்கு மட்டும் விட்டீங்களாக்கும்? உங்களுக்குப் பொய் சொல்லக்கூட வரலீங்க."

"சத்தியமாடி! நம்புடி!"

"எனக்காகப் பழி ஏத்துக்காதீங்க. அந்தப் பாவமும் சேர்ந்து எனக்கு வேணாம்." அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"நான் போய் தம்பி பொண்டாட்டிகிட்டயே சொல்றேன். அவ நம்புவா" என்று எழுந்தார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று வாசல் வரைக்கும் வந்தாள்.

தம்பி மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். அவர் வாசலில் நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னார். போன், சட்டைப் பை, குப்பைத்தொட்டி எல்லாம் சொன்னார்.

"அண்ணி அனுப்பினாங்களா?"

"இல்லம்மா! நானாத்தான் வந்தேன்."

"நாப்பது நாளா வாயத் திறக்காதவருக்கு இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்? செய்யறதையும் செஞ்சுட்டு, கட்டின புருஷன் தலையிலயே பழியைக் கட்டி அனுப்பியிருக்காங்களே, அவங்க ஒரு மனுஷியா?" "தெரியாம செஞ்சதுதானேன்னு மனசு ஆறிக்கிட்டு வந்துச்சு அண்ணா. நேர்ல வந்து பேசிடலாம்னுகூட இருந்தேன். இனி இந்த ஜென்மத்துல அவங்க முகத்துல முழிக்க மாட்டேன்."

கதவைச் சாத்தினாள். அவர் தட்டினார், கெஞ்சினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

திரும்பி வந்தபோது மனைவி அவர் விட்டுப் போன இடத்திலேயே, வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொன்னா?" என்று கேட்டாள்.