பேசாமல் நின்றதும் சம்மதமாம்

விடிந்தும் விடியாத வேளையில் இறால் உரிக்கும் கொட்டகையில் முப்பது பெண்கள் வாயில் துணி கட்டி நின்றார்கள். தலை கிள்ளி, ஓடு கழற்றி, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை இழுத்துப் போட்டார்கள். பனிக்கட்டியில் ஊறி வெளுத்த விரல்கள். எல்லோரிலும் இளையவளைச் சின்னவள் என்பார்கள். நாலு வருஷம் பழகிய நாற்றம் இன்று அவளுக்குக் குமட்டியது. பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் அவளுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை மேற்பார்வையாளன், முதலாளியின் மச்சான். ஐம்பதை நெருங்குகிறவன். கூடையை வாங்கும் சாக்கில் அவள் மணிக்கட்டைத் தடவுகிறவன்.

கொட்டகையில் ஒரு வழக்கம். "இன்னும் ரெண்டு மணி நேரம் நிப்பீங்களா?" என்பார் முதலாளி. வாயில் துணி, யாரும் பேசமாட்டார்கள். சம்மதம் என்று மணியடித்துவிடுவார். போன மாதம் அதே குரலில், "என் மச்சானைக் கட்டிக்கிறியா?" என்றார். அவள் உறைந்து நின்றாள். மணி அடித்தாயிற்று. மறுநாள், கல்யாண மனுவில் கையெழுத்து இல்லையென்றால் குடியிருக்கும் கம்பெனி அறையைக் காலி செய்யும்படி காவல்காரரான அவள் அப்பாவுக்கு உத்தரவு. அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை நீட்டினார்.

முதலாளி சென்ட் மணக்க வந்தார். "கிளம்பும்மா."

பக்கத்தில் நின்ற நெட்டையக்கா துணியை இறக்கினாள். "எங்க?"

"உனக்கென்ன? கையெழுத்துப் போட்டாச்சு. நான் கேட்டப்பவும் அவ மறுக்கல."

"மிரட்டி வாங்கின கையெழுத்து சட்டத்துல நிக்காது மொதலாளி. ஆபீசர் அவ வாயாலதான் கேப்பாரு."

"நீ எப்ப வக்கீலான?"

"என் தங்கச்சியை இப்படித்தான் ஒருத்தன் தலையில கட்டிவிட்டோம். மீட்டுக் கொண்டுவர ரெண்டு வருஷம் கோர்ட்டு வாசல்ல நின்னேன். படிப்பு அங்கதான்."

மேற்பார்வையாளன் பல்லைக் குத்தியபடி சிரித்தான். "அறையை விட்டுட்டு எங்க போவாளாம்?" குச்சி நுனியில் வந்ததைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். சின்னவள் அதைப் பார்த்தாள். துணியை அவிழ்த்தாள்.

"எனக்கு இஷ்டமில்ல. உன்னைப் பாத்தாலே அருவருப்பா இருக்கு."

"அதை அங்க வந்து சொல்லு பாப்போம்," என்றார் முதலாளி.

"சொல்லுவா. நாங்களும் வர்றோம்," என்றாள் நெட்டையக்கா.

"வெளிய போனா வேலை கிடையாது."

ஒருத்தி கையைக் கழுவினாள். இன்னொருத்தி. பாதி உரித்த குவியல்கள் மேசையிலேயே கிடக்க, முப்பது பேரும் தெருவில் இறங்கினார்கள். எதிரே வந்தவர்கள் மூக்கைப் பொத்தி ஒதுங்கினார்கள்.

"நல்லதாப் போச்சு, வழி விடுறாங்க," என்றாள் நெட்டையக்கா.

பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தார் அப்பா. "அறைச் சாவியை மொதலாளி நாற்காலியில வெச்சுட்டேன்மா. ராத்திரிக்கு எங்கன்னுதான் தெரியல."

"என் வீட்டு நடையில இடமிருக்குண்ணே. குறட்டை மட்டும் விடாதீங்க," என்றாள் நெட்டையக்கா.

பதிவு அலுவலகம் இன்னும் திறக்கவில்லை. சின்னவளை நடுவில் விட்டு, எல்லோரும் படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.