காகிதப் பைக்குள் நான்கு புத்தகங்கள்

முதல் தடவை உரிமத் தேர்வு எழுதப் போனபோது என்னிடம் இருபத்திரண்டு புத்தகங்கள் இருந்தன. தோற்றேன். புத்தகம் போதாததால்தான் தோற்றேன் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு இன்னும் ஒன்பது வாங்கினேன். என் புத்தி அப்படி.

இயந்திரப் பொறியாளர்களுக்கான இந்தத் தேர்வுக்கு எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். உதிரித் தாள் மட்டும் கூடாது. எட்டு மணி நேரம், எண்பது கேள்விகள். அன்று காலை, தேர்வு நடக்கும் கொலம்பஸ் நகரக் கண்காட்சித் திடலைப் பார்த்தால் ஒரு ஊரே வீடு மாற்றுகிறது என்று நினைப்பீர்கள். சூட்கேஸ், குழந்தை வண்டி, பீர்ப் பீப்பாய் தள்ளும் வண்டி, எல்லாவற்றிலும் புத்தகம். அறுநூறு பேர். இவர்கள் போடுகிற கணக்கில்தானே பாலமும் பாய்லரும் நிற்கின்றன என்று நினைத்தபோது எனக்குப் புல்லரித்தது. பீர் வண்டி என்னுடையது.

டொலீடோ நகரில் எங்கள் அலுவலகத்தில் நான்கே பேர். குளிர்காலத்தில் பள்ளிக்கூடங்களைச் சூடாக்கும் பாய்லர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். உரிமம் உள்ளவர் முத்திரை குத்தாவிட்டால் அந்த வரைபடம் வெறும் காகிதம். முத்திரை இருந்தது முதலாளி கஸ்ஸிடம் மட்டும். அவர் வருஷக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். அதற்குள் நான் தேறினால் அலுவலகம் என் கைக்கு வரும். இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு ஆளுக்கொரு திசை.

ஏப்ரலில் இரண்டாம் தடவை. மதிய இடைவேளையில் என் கார் டிக்கியில் உட்கார்ந்து ஹாம் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தேன். காலை நாற்பது கேள்விகளில் பதினொன்றைத் தொடவே இல்லை. விடை எல்லாம் வண்டியில்தான் இருந்தது. எந்தப் புத்தகத்தில் என்று தேடுவதற்குள் நேரம் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பக்கத்துக் காரில் ஒரு பெண், தாள்களைக் கோத்துக் கட்டிய ஒரே ஒரு கோப்பு மடியில் இருக்க, காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

“மத்த புத்தகமெல்லாம் உள்ளயா இருக்கு?” என்று கேட்டேன்.

“மத்ததுன்னு ஒண்ணும் இல்லீங்க. இது மட்டும்தான். நீங்க அந்த பீர் வண்டிக்காரம்மாதானே? உங்க பக்கத்துல உக்காந்தவன் பாவம், எப்ப சரிஞ்சு தலையில விழுமோன்னு பயந்துகிட்டே எழுதினான்.”

என் பெயர் ஆர்டித் என்றேன். அவள் பெயர் ஓலீட்டா. காகித ஆலையில் வேலை. கோப்பைத் திறந்து காட்டினாள். அத்தனையும் கையெழுத்து, பொடிப் பொடியாக.

“கணக்கு போடுறப்போ கை புத்தகத்துல எந்தப் பக்கத்துக்குப் போகுதுன்னு கவனிச்சேன். அத மட்டும் எழுதி வச்சுக்கிட்டேன். மிச்சமெல்லாம் அலமாரிக்கு அழகு.”

நான் ஒரு கையால் கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். சாண்ட்விச் கையிலேயே இருந்தது.

ஜூனில் முடிவு வந்தது. தோல்வி. அன்றிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டேன். கணக்குப் போடும்போது எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதன் முதுகில் ஒரு கோடு. தேர்வின் எல்லாப் பகுதியிலும் கணக்குப் போட்டேன். பிடிக்காத கணக்கை இரண்டு தடவை போட்டேன், ஆத்திரத்தில். செப்டம்பரில் எண்ணிப் பார்த்தால் இருபத்தேழு புத்தகங்களின் முதுகில் ஒரு கோடுகூட இல்லை.

ஒன்றின் முதுகில் மட்டும் கோடு போட இடமே மிச்சமில்லை. அது நீராவி அட்டவணை, பள்ளிக்கூட நோட்டு கனம்தான் இருக்கும். அதில் இரண்டு பக்கங்கள் என் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன. எந்த அழுத்தத்தில் தண்ணீர் எப்போது கொதிக்கும், எவ்வளவு வெப்பத்தைச் சுமக்கும் என்று யாரோ உட்கார்ந்து அளந்து எழுதிய எண்கள். நான் இதுவரை வரைந்த அத்தனை பாய்லரும் இந்த இரண்டு பக்கங்களிலிருந்து வந்தவைதான். எங்கள் ஊர்க் குளிர்காலம் முழுவதையும் இந்த எண்கள் தாங்குகின்றன. இருபது வருஷமாகப் புரட்டுகிறேன், அன்றுதான் பார்த்தேன். அந்தப் புத்தகத்தை மூட மனம் வரவில்லை.

அக்டோபரில் நான்கு புத்தகங்களை மளிகைக் கடைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கஸ்தான் கார் ஓட்டினார். திடலில் இறங்கினால், பின்னால் என் பீர் வண்டி! கோடு விழாத இருபத்தேழையும் எனக்குத் தெரியாமல் கயிறு போட்டுக் கட்டி ஏற்றி வந்திருக்கிறார்.

“இது எதுக்கு கஸ்?”

“இருக்கட்டும் தாயே. நாலு புத்தகத்த நம்பி என் ஆபீஸப் பணயம் வைக்கிறியே!”

அப்போதுதான் வரிசையில் ஓலீட்டாவைப் பார்த்தேன், அதே கோப்போடு.

“நீ எங்க இங்க? யாருக்காவது துணைக்கு வந்தியா?”

“பரீட்சைக்குத்தான் வந்தேன். ஏப்ரல்ல ஊத்திக்கிச்சு.”

தோற்றவள் பேச்சைக் கேட்டா இத்தனை மாதம் ஆடினேன்?

“அத ஏண்டி அன்னிக்கே சொல்லல?”

“அன்னிக்கு எனக்கே தெரியாதே. ரிசல்ட்டு ஜூன்லதானே வந்துச்சு. கோப்பு மேல தப்பில்ல ஆர்டித். எனக்குப் புடிச்ச பம்பு கணக்காவே போட்டுகிட்டு இருந்தேன். கை அங்கயேதான் போச்சு. இந்தத் தடவ எல்லாத்தையும் போட்டுட்டேன். நீ?”

“புடிக்காதத ரெண்டு தடவ போட்டேன்.”

“அப்புறம் என்ன?”

கஸ் வண்டியை என் பக்கம் தள்ளினார். “பிடிம்மா. கதவ மூடப் போறாங்க.”

கை வண்டியின் பிடி வரைக்கும் போனது. பொய் சொல்ல மாட்டேன், பிடித்தும் விட்டேன். ஆனால் அதில் இருந்த எந்தப் புத்தகத்தின் முதுகிலும் ஒரு கோடு இல்லை.

“திருப்பி ஏத்திடுங்க கஸ்,” என்றேன்.

வாசலில் கண்காணிப்பாளர் என் மளிகைப் பையைப் பார்த்துவிட்டு, “மதியச் சாப்பாடு வெளியிலதான் சாப்பிடணும்மா,” என்றார்.

டிசம்பரில் கடிதம் வந்தது. தேறியிருந்தேன். ஓலீட்டா தொலைபேசியில் கூப்பிட்டாள், அவளும்தான். “பம்பு கணக்கு ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு,” என்று அலுத்துக்கொண்டாள். கஸ் தன் மேசைச் சாவியை என் காப்பிக் கோப்பைக்குள் போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

ஜனவரியில் என் பெயரில் குத்திய முதல் முத்திரை ஒரு பள்ளிக்கூடத்துப் பாய்லருக்கு. அடுத்த குளிர்காலத்தில், ஊரே உறைந்து கிடந்த ஒரு காலையில் அங்கே போனேன். வராந்தா நெடுக நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டிக் கோட்டுகள் ஆணியில் தொங்கின. வகுப்புக்குள் பிள்ளைகள் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் குளிரவில்லை. அந்த இரண்டு பக்கங்களை நினைத்துக்கொண்டு, கோட்டுகளுக்கு நடுவே நின்று அழுதேன்.