சகனுக்குள் வைத்த கடிதம்

இத்தாலி மொழி வகுப்பில் போன வாரம் யும்னாவுக்கு ஒரு வினைச்சொல் கிடைத்தது: கூரியோஸாரே. கடையில் ஒன்றும் வாங்காமல் சும்மா பார்த்துக்கொண்டு திரிவதும் அதுதான், அடுத்தவர் அலமாரியை நோண்டுவதும் அதுதான். ஆனால் இந்தக் காரியத்தில் ஹுமைரா மாமியை மிஞ்ச இத்தாலிக்காரர்களாலும் ஆகாது.

மாமி, மாப்பிள்ளை தவ்ஃபீக்கின் பெரியம்மா. பெண் பார்க்க வந்தவர் பெண்ணை அரை நிமிடம்தான் பார்த்தார். கீழக்கரையில் கல்யாணமானால் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து தங்குவார். அதனால் வீட்டைப் பார்ப்பதும் பெண் பார்ப்பதில் சேர்த்தி. மாமி குழாயைத் திறந்து பார்த்தார், மெத்தையை அமுக்கிப் பார்த்தார், ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டார். யும்னாவின் உம்மா மர்ஜானா சிரித்த முகமாகப் பின்னாலேயே போனாள்.

யும்னாவின் கண் பரண்மேலேயே இருந்தது. ராமநாதபுரத்தில் நர்ஸாக இருக்கும் அவளுக்கு இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அசல் கடிதத்தோடு சென்னையில் விசாவுக்கு நிற்க வேண்டும். தவ்ஃபீக் வீட்டிலோ, கல்யாணத்துக்குப் பிறகு வேலை கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். உம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் கொள்ளை ஆசை. கடிதம் கண்ணில் பட்டால் கிழித்துப் போடுவாள் என்று பயந்து, யும்னா அதைப் பரண்மேல் இருந்த சகன்களுக்கு நடுவே செருகியிருந்தாள். நாலு பேர் கூடி உண்ணும் அந்தப் பெரிய தட்டுகள் விருந்துக்குத்தான் கீழே இறங்கும். வருகிறவர்கள் அவற்றையும் எண்ணுவார்கள் என்பது படித்த அவள் புத்திக்கு எட்டவில்லை.

மாமி ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ ஆறுது, அப்புறம் பார்க்கலாம் என்று உம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மாமி காதில் விழவில்லை. மேல் சகனைத் தூக்கியதும் பழுப்பு உறை நழுவித் தரையில் விழுந்தது. கூச்சமே இல்லாமல் இறங்கி வந்து பிரித்தார். எழுத்து புரியவில்லை; யும்னாவின் போட்டோ புரிந்தது. இது என்ன என்று கேட்டார்.

உம்மா கடிதத்தைக் கையில் வாங்கினாள். கிழிக்கப் போகிறாள் என்று யும்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

“வேலைக் கடுதாசி லாத்தா. எம்மவ இத்தாலிக்குப் போறா.”

தெரிந்துகொண்டே எங்களை எதற்கு வரவழைத்தாய் என்று மாமி சீறினார். உம்மா மகளிடம் திரும்பினாள்.

“நாலு நாளா எனக்குத் தெரியும். பாத்துட்டு இருந்த எடத்துலயே வச்சேன். நீயா வந்து சொல்லுவன்னு, இவங்க வாசல்ல செருப்பைக் கழட்டுற வரைக்கும் பாத்தேன்.”

மாமி டீயைத் தொடாமல் கிளம்பிப் போனார். கார் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது. இத்தாலிக்குப் போகலாம் என்ற சந்தோஷம் வருவதற்கு முன்னால், யும்னாவுக்கு வெட்கம்தான் வந்தது. உம்மா கடிதத்தை நீவி உறைக்குள் வைத்து நீட்டினாள்.

“கிழிச்சிருவேன்னா நெனச்ச?” என்று கேட்டாள்.