முதுகு காட்டி நிற்பவள்

தடதடவென்று கதவு அதிர்ந்தது. துப்பாக்கிக் கட்டையால் இடிக்கிறார்கள்.

"பட்டாளம்! கதவைத் திற!"

எங்கள் ராஜா சொன்னாலும் பிரெஞ்சுக்காரர்களுக்காகச் சண்டை போட மாட்டேன் என்று படையிலிருந்து ஓடிவந்த என் தம்பி பென்னோ, "அக்கா!" என்று கிசுகிசுத்துச் சுவரோடு ஒட்டி நின்றான். பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள்.

நான் வரைந்துகொண்டிருந்தது, படகில் போகிறவனை மனைவி வழியனுப்பும் படம். அவன் கையில் தொப்பியைத் திணித்தேன்.

"மேடையில ஏறு. படகுல போறவன் நீ. கையைத் தூக்கு, அசையாதே!"

அவன் மனைவி லீசெத்தின் கையில் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

ஆட்களைப் படியிறங்கிக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு, மீசைக்கார சார்ஜண்ட் மட்டும் உள்ளே வந்தார்.

"யாரு இவங்க?"

"கூலிக்கு நிக்கிற மாடலுங்க ஐயா."

"ஓடினவன் இந்தத் தெருவுலதான் பூந்தான்."

"தாராளமா தேடுங்க. சாயத்துல மட்டும் உக்காந்துடாதீங்க, கால்சட்டை பச்சையாயிடும்."

அவர் சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வரைங்க. பாக்கறேன்."

வரைந்தேன். பென்னோ தூக்கியிருந்த கை மெல்லக் கீழிறங்கத் தொடங்கியது. சார்ஜண்டின் பார்வை உத்தரத்திலிருந்து தொங்கிய சுருக்குக்குப் போனது.

"அது என்ன, தூக்குக் கயிறா?"

கையைத் தூக்கி நிற்கிற எந்த மாடலும் முதலில் அந்தச் சுருக்கில்தான் மணிக்கட்டை மாட்டுவான். அவசரத்தில் மறந்துவிட்டோம்.

"கையைத் தாங்குற கயிறு ஐயா. இவன் புதுசு. கயிறெல்லாம் வேணாம்னு வீறாப்பு."

நானே மாட்டிவிட்டேன். என் விரலடியில் அவன் நாடி துடித்தது.

அப்போதுதான் லீசெத்தைப் பார்த்தேன். அவள் கண்கள் நிரம்பியிருந்தன.

"ஏ பொண்ணே, ஜன்னல் பக்கம் திரும்பு! எனக்கு உன் முதுகுதான் வேணும்."

"முதுகா?" என்றார் சார்ஜண்ட். "மூஞ்சியை விட்டுட்டு முதுகை எவன் வாங்குவான்?"

"டிரெஸ்டன்ல இப்ப அதுதான் ஐயா ஃபேஷன். பாக்கறவங்க அவ முகத்தைத் தாங்களே மனசுல வரைஞ்சுப்பாங்க."

"எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது."

எழுந்தார். மேடையைச் சுற்றி ஜன்னலுக்குப் போய், லீசெத்தின் எதிரில் நின்றார். என் தூரிகை நின்றுவிட்டது. கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து குரல் வந்தது. "சார்ஜண்ட்! மேல வரட்டுமா?"

அவர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கூலிக்கு நிக்கிறவ இப்படி அழமாட்டாம்மா. என் பசங்க படியேறி வர்றதுக்குள்ள கண்ணைத் தொடச்சுக்கச் சொல்லுங்க."