எறும்பு ஊரும் திரை

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது அக்காவின் வேலை. போன வாரம் ஒரு புள்ளியைத் தவறவிட்டாள். 0.5 என்பது 05 என்றே போனது. அச்சேறுமுன் மேலாளர் கண்டுபிடித்தார். திட்டவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

அம்மாவுக்கு நாற்பத்தெட்டில் பார்வை மங்கியது. அக்காவுக்கு இப்போது நாற்பத்தேழு. தெருவில் கடைப் பலகைகளெல்லாம் தெரிந்தன; படிக்கும்போதுதான் எழுத்து பிடிபடவில்லை. அம்மாவுக்கும் முதலில் அப்படித்தான்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலையை விடுவதென்று முடிவு செய்து, மடிக்கணினியைத் தம்பியிடம் திருப்பிக் கொடுக்கப் போனாள். இந்த வேலைக்கென்று இரண்டு வாரத்துக்கு முன் அவன் தந்தது. பழையது, திரை மட்டும் அபாரம். ஆமையாக நகர்ந்த இயங்குதளத்தைத் தூக்கிவிட்டு, இலேசான ஒன்றைப் போட்டிருந்தான்.

"ஏன்க்கா, வேகம் பத்தலையா?"

"வேகத்துக்கென்ன, பறக்குது. எனக்குத்தான் வேண்டாம்."

அவன் திறந்து பார்த்தான். கண்ணைச் சுருக்கினான். மூக்கு முட்டும்வரை குனிந்தான்.

"என்னது இது, எறும்பு ஊருது?"

அக்கா நிமிர்ந்தாள். "உனக்கும் தெரியலையா?"

"கழுகுக்கே தெரியாது. இதையா ரெண்டு வாரமா படிச்சே?"

"போடும்போது நீ பாக்கலையா?"

"என் பெரிய மானிட்டர்ல மாட்டித்தான் போட்டேன். அதுல ஜோரா இருந்துச்சு." தலையைச் சொறிந்தான். "இந்தத் திரை சின்னது, புள்ளி ரொம்ப நெருக்கம். பெரிய இயங்குதளம்னா அதுவா எழுத்தைப் பெருசாக்கிக்கும். இதுக்கு நாமதான் சொல்லணும்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவன் திரையில் எல்லாவற்றின் அளவையும் இரண்டு மடங்கு வைத்தான். 'சரி' பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது. ஒன்றரை வைத்தான்.

"இப்ப ஓகே."

"கலங்குதுடா."

"எனக்கு நல்லாத்தானே இருக்கு?"

"ஓரமெல்லாம் பிசிறு. முதல்ல உன் கண்ணைக் காட்டு போ."

அளவைப் பழையபடி ஒரு மடங்கிலேயே விட்டு, எழுத்தை மட்டும் பெரிதாக்கினான். எழுத்துகள் வெட்டி வைத்தாற்போல் நின்றன. பொத்தான்களின் படங்கள் கடுகளவே இருந்தன. இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

ஒரு தாளைத் திறந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். அளவு, வேளை, தலைசுற்றல், வாந்தி, தோல் தடிப்பு.

"போதும்க்கா, கேக்கக் கேக்க எனக்கே வருது."

அவள் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.