சமையல்காரன் கொல்லவில்லை

துப்பறியும் நாவலின் முடிவை முன்கூட்டியே உளறுகிறவரைப் போன்ற பாவி உலகத்தில் கிடையாது என்பது டைலரக்காவின் கட்சி. ஞாயிறு மதியம் அவளுடைய தையல் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூடுகிற மூன்று பேருக்கும் அதுதான் சட்டம். மூன்று பேர் என்றால் டைலரக்கா, லிஃப்ட் மெக்கானிக் அண்ணன், பல் டாக்டர். புத்தகம் ஒரே பிரதிதான் வாங்குவார்கள். அது கைமாறிக் கைமாறி வரும். முடிவை யாராவது உளறினால் அடுத்த புத்தகம் அவருக்குக் கடைசியாகத்தான் போகும். பல் டாக்டர் ஒருமுறை வசமாக மாட்டினார். வைத்தியத்துக்கு வந்த டைலர் கடை வாடிக்கையாளர் ஒருவரின் வாயைத் திறக்க வைத்துவிட்டு, கொலைகாரன் யார் என்று சாவகாசமாகச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதரால் 'வேண்டாம்' என்றுகூடச் சொல்ல முடியவில்லை, பாவம். வாய் மூடியதும் நேரே டைலர் கடைக்கு வந்து போட்டுக் கொடுத்துவிட்டார்.

இந்த முறை வாங்கியது ஒரு தலையணை நாவல். நகை வியாபாரி ஒருவர் இரும்புக் கதவு போட்ட அறைக்குள் செத்துக் கிடக்கிறார். தம்பி மேல் சந்தேகம், மாப்பிள்ளை மேல் சந்தேகம், சமையல்காரன் மேலும் சந்தேகம். டைலரக்கா முதலில் படித்து முடித்துவிட்டாள். அடுத்தது அண்ணன் முறை. அவர் முக்கால்வாசி வந்துவிட்டு, தினமும் போன் போட்டு, "தம்பிதானே? சும்மா சொல்லும்மா" என்று தூண்டில் போடுவார். அக்காவா மசிகிறவள்!

அப்படி இருக்கும்போதுதான் வேலை செய்கிற இடத்தில் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். புத்தகம் ஏதோ ஒரு கட்டடத்து மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் ஓடுகிற அறைக்குள் பூட்டிக் கிடந்தது. மறுநாள் காலையில் இதயத்தில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் அக்கா பார்க்கப் போனாள். அண்ணி மருந்து வாங்கக் கீழே போனதுதான் தாமதம், அண்ணன் அவளைக் கிட்டே வரச்சொன்னார்.

"யாரு கொன்னது? சொல்லிடும்மா."

"என்னண்ணே இது, நம்ம சட்டம்..."

"சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடு. நாளைக்கு உள்ள போறேன். வெளிய வருவேனோ மாட்டேனோ. தெரியாமலே போயிட்டா எனக்கு மனசே ஆறாது."

அக்கா யோசித்தாள். சொல்லாமல் விட்டு, இந்த மனுஷனுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் ஆயுசுக்கும் தூக்கம் வராது. சொல்லிவிட்டாலோ, இனி நீ எங்கே படிக்கப்போகிறாய் என்று வழியனுப்பி வைத்தது போல ஆகிவிடும். அவர் கையில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் பச்சைப் பொய்தான் வந்தது.

"சமையல்காரன்."

"சமையல்காரனா?"

"ஆமாண்ணே. சத்தியமா."

அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாருடைய ரவிக்கைக்கோ இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு பிரித்தாள். கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த பல் டாக்டரிடம் விஷயத்தைக் கொட்டினாள்.

"பொய்யா சொன்னீங்க? அதுவும் சத்தியம் வேற பண்ணி?" என்றார் அவர்.

"வாயில வந்துருச்சு டாக்டர். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, கடைசியா ஒரு பொய்யைக் கேட்டுட்டுல்ல போயிருப்பாரு! நான் என்ன ஜென்மம்!"

இரண்டு பேரும் மேஜைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் அது அடித்தது. அண்ணிதான்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதும்மா. கண்ணு முழிச்சுட்டாரு. ஆனா முழிச்சதுலேர்ந்து சமையல்காரன் இல்ல, சமையல்காரன் இல்லன்னே புலம்புறாரு. நம்ம வீட்டுல ஏதும்மா சமையல்காரன்? மூளையில ஏதாச்சும் ஆயிடுச்சான்னு பெரிய டாக்டரையே கூட்டிட்டு வந்துட்டேன்!"

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், அப்படியே தையல் மெஷின் மேல் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதுவிட்டாள். பல் டாக்டர் போனை வாங்கி, அந்த வீட்டில் இல்லாத சமையல்காரன் யார் என்று அண்ணிக்குப் பொறுமையாக விளக்க வேண்டியதாயிற்று.

அண்ணனைச் சாதா வார்டுக்கு மாற்றியதும் இருவரும் போனார்கள். அக்காவைக் கண்டதுமே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"சமையல்காரன் கையில மாவுக்கட்டு. ஒத்தைக் கையால அவ்ளோ பெரிய இரும்புக் கதவை இழுத்து மூடினானாக்கும்? தினமும் லிஃப்ட் கதவோட மாரடிக்கிறவன்கிட்டயா இந்தக் கதை?"

"மன்னிச்சுருங்கண்ணே."

"மயக்க ஊசி போடுறப்பகூட அதேதான் யோசனை. எழுந்து வந்து உன்னை ஒரு வழி பண்ணணும்னு."

"பொய் முடிவு சொன்னா என்ன தண்டனைன்னு நம்ம சட்டத்துல இல்லையே" என்றார் பல் டாக்டர், பழைய கணக்கைத் தீர்க்கிற உற்சாகத்தில்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. குரலை இறக்கிக்கொண்டு அக்காவிடம் சொன்னார்: "நீ மட்டும் நிஜத்தைச் சொல்லியிருந்தா நான் செத்தேன். இவளே நம்மளைக் கைகழுவிட்டான்னு பயந்திருப்பேன். பொய்னு புரிஞ்சதும்தான் தெம்பே வந்துச்சு. நான் திரும்பி வந்து படிப்பேன்னு உனக்கு அவ்ளோ நம்பிக்கை இருந்துச்சுல்ல?"

"பின்னே? எனக்குத் தெரியாதாண்ணே!" என்றாள் டைலரக்கா.

அதுவும் பொய்தான். அன்றைக்கு அவளுக்குத் துளி நம்பிக்கைகூட இருக்கவில்லை.